லினக்ஸில் பிராட்பேண்ட் இணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ஃபெடோரா என்று ஏதாவது ஒன்றை வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டவர்கள் இணைய இணைப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களின் தொகுப்பு இது. இந்தியாவில் இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். டெபியனுக்குச் சொன்னவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

கட்டளைகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

1. கனெக்‌ஷன் போட வந்தவர் "லினக்ஸுக்கு எல்லாம் சப்போர்ட் கிடையாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நிஜமாவே வேலை செய்யாதா?

வேலை செய்யும். ஃபைபர் இணைப்பில் நிறுவனத்தின் கருவிகளோடு பேசும் வேலையைச் சுவரோரம் வைக்கிற ஓஎன்டி பெட்டி (ஃபைபர் ஒயர் வந்து சேரும் கருவி) பார்த்துக்கொள்கிறது. அதிலிருந்து கணினிக்கு வருவது சாதாரண ஈதர்நெட் அல்லது வைஃபை. மறுமுனையில் விண்டோஸ் ஓடுகிறதா லினக்ஸ் ஓடுகிறதா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியவும் தெரியாது. வருபவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம், அவருக்குப் பழக்கமான திரைகள் விண்டோஸ் திரைகள் என்பதுதான். அவர் செய்ய வேண்டிய வேலை பெட்டியோடு முடிந்துவிடுகிறது.

அவர் கிளம்புவதற்கு முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும், பெட்டி ரவுட்டர் மோடில் இருக்கிறதா பிரிட்ஜ் மோடில் இருக்கிறதா (விளக்கம் 3ஆம் பதிலில்), விலேன் எண் (ஒரே ஒயரில் வரும் இணைப்புகளைப் பிரித்தறிய வைக்கும் எண்) ஏதாவது உண்டா, பெட்டியின் அட்மின் பக்கத்துக்கான பாஸ்வேர்ட். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி, இந்தத் தாள் கையில் இல்லாததால்தான் இழுத்துக்கொண்டே போகின்றன.

2. அந்தப் பெட்டியில நிறைய லைட் எரியுது. எதைப் பார்க்கணும்?

இரண்டைப் பாருங்கள். பான் (பிஓஎன்) என்று எழுதிய விளக்கு சிமிட்டாமல் பச்சையாக எரிய வேண்டும். லாஸ் (எல்ஓஎஸ்) என்று எழுதியது அணைந்திருக்க வேண்டும். லாஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது கணினியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. புகார் கொடுக்க வேண்டியதுதான்.

ஃபைபர் ஒயரை இறுக்கி மடித்திருந்தாலும் ஒளி கசிந்துவிடும். 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள், ஆணியில் சுற்றி மாட்டாதீர்கள். பச்சை நிற முனை சாய்வாகச் சீவப்பட்டது, நீல நிற முனை நேராகச் சீவப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் ஒளியில் பெரும்பகுதி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

3. ரவுட்டர் மோடா, பிரிட்ஜ் மோடான்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கணினிக்கு ஒரு கேபிளைச் செருகிவிட்டு, டெர்மினலில் 'ஐபி ஏ' என்ற கட்டளையைக் கொடுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் பெட்டி ரவுட்டர் மோடில் இருக்கிறது. யூசர்நேமைப் போட்டு இணைப்பை அதுவே எடுத்துக்கொண்டு, உங்களுக்கு ஒரு உள்வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறது.

கேபிள் செருகியும் முகவரி எதுவும் வராமல், அல்லது 169.254 என்று தொடங்கும் ஒன்று மட்டும் வந்திருந்தால், பெரும்பாலும் பிரிட்ஜ் மோட். அதாவது பெட்டி ஒளியை மின்சாரமாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. டயல் செய்யும், அதாவது யூசர்நேமைக் கொடுத்து இணைப்பை எடுக்கும் பொறுப்பு உங்கள் கணினியுடையது, அல்லது நீங்கள் வாங்கி வைக்கும் தனி ரவுட்டருடையது.

புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்களுக்கு ரவுட்டர் மோடையே பரிந்துரைக்கிறோம். வீட்டில் இருக்கும் போன், டிவி எல்லாம் கணினியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

4. ரவுட்டர் மோட்தான். லினக்ஸில நான் என்ன செட் பண்ணணும்?

எதுவும் வேண்டாம். கேபிளைச் செருகினால், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் தானாக முகவரி வாங்கிக்கொள்ளும். வைஃபை என்றால் மேல் மூலையிலுள்ள குறியைச் சொடுக்கி, பெயரைத் தேர்ந்து, பாஸ்வேர்ட் போட்டால் போதும். விண்டோஸ் பழக்கத்தில் ஐபி முகவரி, கேட்வே எல்லாவற்றையும் கையால் நிரப்பிவிட்டு "வரவில்லை" என்று தேடுகிறவர்கள் நிறைய. ஐபிவி4 தாவலில் தானியங்கி என்பதையே விட்டு வையுங்கள்.

5. புதுசா உபுண்டு போட்டேன், வைஃபையே காட்டல. டிரைவர் இறக்க நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணுமே?

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு ஈதர்நெட் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். போன் அப்போது வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே ஒயர் வழியே கணினிக்குக் கடத்தும். மொபைல் டேட்டா செலவாகாது.

இணைப்பு கிடைத்ததும் சிப் எது என்று பாருங்கள். உள்ளே பொருத்திய கார்டுக்கு 'எல்எஸ்பிசிஐ', வெளியே செருகும் குச்சிக்கு 'எல்எஸ்யுஎஸ்பி'. இன்டெல் சிப் என்றால் பொதுவாகத் தொல்லை இல்லை. பிராட்காம் என்றால் உபுண்டுவிலும் மின்டிலும் கூடுதல் டிரைவர்கள் பகுதியைத் திறந்து, அது காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். ரியல்டெக் யுஎஸ்பி குச்சிகள்தான் அதிகம் படுத்துபவை. அவற்றில் சில சிப்களுக்கு, லினக்ஸின் கருவான கெர்னலில் 6.2 பதிப்பு முதல் உள்ளேயே ஆதரவு வந்துவிட்டது. அதனால் எங்கிருந்தோ டிரைவர் கோப்பை எடுத்துத் தொகுப்பதற்கு முன்னால் புதிய கெர்னல் உள்ள பதிப்புக்கு மாறிப் பாருங்கள்.

டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் (கார்டு இயங்க அதற்குள் ஏற்றப்படும் மென்பொருள்) சேர்க்கப்படவில்லை. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது சேர்த்தே வருகிறது. பழைய பென்டிரைவை வைத்து நிறுவி வைஃபை இல்லாமல் நிற்பவர்கள் புதியதை எழுதிக்கொண்டால் போதும்.

டிரைவர் நிறுவிய பிறகும் வேலை செய்யவில்லை என்றால் செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பைச் சந்தேகியுங்கள். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். மறுபடி துவக்கும்போது வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

6. எனக்கு பிரிட்ஜ் மோட்தான் வேணும். ஆனா உபுண்டு செட்டிங்ஸ்ல யூசர்நேம் போடுற இடமே இல்லையே?

உண்மைதான். உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் செட்டிங்ஸில் பிபிபிஓஇ இணைப்புக்கு, அதாவது யூசர்நேம் கொடுத்து டயல் செய்யும் முறைக்கு, இடம் இல்லை. அதற்குப் பழைய திருத்தி ஒன்று இருக்கிறது. டெர்மினலில் 'என்எம்-கனெக்‌ஷன்-எடிட்டர்' என்று தட்டுங்கள். நிறுவப்படவில்லை என்றால் எந்தப் பொதி வேண்டும் என்று உபுண்டுவே சொல்லும். அதை இறக்க 5ஆம் பதிலில் சொன்ன போன் வழி உதவும். கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு திரைச்சூழல் வைத்திருப்பவர்களுக்கு அதன் நெட்வொர்க் செட்டிங்ஸிலேயே டிஎஸ்எல் வகை இருக்கிறது. ஃபெடோராவில் நெட்வொர்க்மேனேஜர்-பிபிபி என்ற பொதியும் இருக்க வேண்டும்.

திருத்தியில் கூட்டல் குறியைச் சொடுக்கி, டிஎஸ்எல்/பிபிபிஓஇ வகையைத் தேர்ந்தெடுங்கள். பேரன்ட் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் கேபிள் செருகிய ஈதர்நெட் கார்டைக் காட்டுங்கள். யூசர்நேமில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியும் பெயரின் பாகமே, அதை விட்டுவிடக் கூடாது. சர்வீஸ் என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதில் நிறுவனத்தின் பெயரை அழகாக எழுதிவைத்து, அதனாலேயே இணைப்பு கிடைக்காமல் போனவர்கள் பலர். அந்தக் கார்டுக்கு ஏற்கெனவே இருக்கும் சாதாரண ஒயர் இணைப்பில் தானாக இணைவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே போர்ட்டுக்குப் போட்டி போடும்.

பிரிட்ஜ் மோடில் கணினி நேரடியாக வெளி உலகத்தின் முன் நிற்கிறது. நடுவில் ரவுட்டரின் மறைப்பு இல்லை. ஆகவே டயல் செய்வதற்கு முன்பே 'சூடோ யுஎஃப்டபிள்யூ இனேபிள்' கொடுத்து ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். உபுண்டுவில் அது நிறுவப்பட்டிருந்தாலும் அணைந்தே இருக்கும்.

7. திரையே இல்லாத பழைய கணினியை டெபியன் சர்வரா வெச்சிருக்கேன். அதில டயல் பண்ண முடியுமா?

முடியும். பிபிபிஓஇ-கான்ஃப் என்ற பொதியை நிறுவி, அதே பெயரை சூடோவோடு கொடுங்கள். எல்லா ஈதர்நெட் கார்டுகளிலும் மறுமுனைக் கருவியைத் தேடும். கிடைத்ததும் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஏற்கவா, எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1452 ஆகக் குறைக்கவா, கணினி துவங்கும்போதே இணைக்கவா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லலாம். பிறகு 'பான் டிஎஸ்எல்-புரொவைடர்' இணைக்கும், 'பாஃப்' துண்டிக்கும், 'பிலாக்' என்ன நடந்தது என்று காட்டும்.

ஒரே கார்டை இதற்கும் நெட்வொர்க்மேனேஜருக்கும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பிபிபிஓஇ-கான்ஃப் தன் விவரத்தை நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவைக்கிறது. அதில் பெயர் உள்ள கார்டை நெட்வொர்க்மேனேஜர் தொடாது. "ஒயர் இணைப்பு நிர்வகிக்கப்படவில்லை" என்று டெஸ்க்டாப்பில் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உபுண்டு சர்வரில் நெட்பிளானுக்குக் கீழே ஓடும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டிக்கு பிபிபிஓஇ தெரியாது என்பதால் அங்கேயும் இந்த வழிதான்.

8. எல்லாம் சரியாப் போட்டேன், டயல் மட்டும் ஆகல. எங்க தப்பு?

பதிவேட்டைப் பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் நெட்வொர்க்மேனேஜருக்கான வரிகள், அல்லது 'பிலாக்'. அதில் வரும் செய்தியைப் பொறுத்து வழி பிரிகிறது.

பிஏடிஓ பாக்கெட்டுக்காகக் காத்து நேரம் கடந்தது என்று வந்தால், யூசர்நேம் வரை போகவே இல்லை. கணினி "யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிட்டதற்கு மறுமுனையில் பதிலே இல்லை. பெட்டி உண்மையில் பிரிட்ஜ் மோடில் இல்லாமல் இருக்கலாம். சில பெட்டிகளில் நான்கு லேன் போர்ட்டுகளில் ஒன்று மட்டுமே பிரிட்ஜ் செய்யப்பட்டிருக்கும், கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். விலேன் எண்ணோடு வரும் இணைப்பாகவும் இருக்கலாம். அப்படியென்றால் திருத்தியில் முதலில் அந்த எண்ணோடு ஒரு விலேன் இணைப்பை உருவாக்கி, 6ஆம் பதிலில் சொன்ன பேரன்ட் இன்டர்ஃபேஸ் இடத்தில் அதைக் கொடுக்க வேண்டும்.

அங்கீகாரம் தோல்வி என்று வந்தால் பாதை சரி, அடையாளம்தான் தவறு. பாஸ்வேர்டை மறுபடி தட்டுங்கள். அப்படியும் மறுத்தால் அதே யூசர்நேமில் இன்னொரு கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியும் கணினியும் ஒரே பெயரில் டயல் செய்தால் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்கும். கணினியைச் சரியாக அணைக்காமல் மின்சாரம் போயிருந்தால் பழைய இணைப்பு மறுமுனையில் சற்று நேரம் உயிரோடு நிற்கும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

9. அதே கணினி, அதே கேபிள். விண்டோஸ்ல நெட் வருது, லினக்ஸ்ல கேபிள் செருகினதாவே காட்டல. ஏன்?

இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முதல் குற்றவாளி. அது கணினியை முழுதாக அணைப்பதில்லை. ஈதர்நெட் கார்டைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது, லினக்ஸ் வந்து பார்க்கும்போது கார்டு எழுவதில்லை. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணையுங்கள். அதற்கு முன் சோதிக்க வேண்டுமானால் கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, அரை நிமிடம் கழித்து நேரே லினக்ஸைத் துவக்குங்கள். வந்துவிட்டால் காரணம் இதுதான்.

வைஃபைக்கு இதே கதி என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். ஹார்டு பிளாக்டு என்பதற்கு ஆம் என்று வந்தால் மடிக்கணினியில் எங்கோ ஒரு பொத்தானோ சுவிட்சோ வைஃபையை அணைத்திருக்கிறது. சாஃப்ட் பிளாக்டு என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும்.

10. எங்க ஏரியா கேபிள்காரர் கொடுத்த நெட். பிரவுசர்ல லாகின் பக்கம் வரணும்கிறார், வரவே மாட்டேங்குது.

இந்த வகை இணைப்பில் பிபிபிஓஇ இல்லை. நீங்கள் திறக்கும் முதல் பக்கத்தைப் பிடித்து லாகின் பக்கத்துக்குத் திருப்புவார்கள். மறையாக்கப்பட்ட ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தை அப்படித் திருப்ப முடியாது. இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளமும் ஹெச்டிடிபிஎஸ் என்பதால் வெறும் பிழைச் செய்திதான் வரும். லாகின் பக்கத்தின் நேரடி முகவரியைக் கேட்டு வாங்கி புக்மார்க் செய்துவைப்பதே நல்ல வழி. பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை ஆன் செய்திருந்தாலோ, கணினியில் 8.8.8.8 போன்ற டிஎன்எஸ்ஸைக் கையால் போட்டிருந்தாலோ, லாகின் முடியும்வரை அதை நீக்கிவையுங்கள்.

இன்னொன்று மேக் முகவரிப் பூட்டு. மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண். முதலில் செருகிய கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்துகொண்டு, வேறு எதையும் உள்ளே விடமாட்டார்கள். பழைய கணினியையோ ரவுட்டரையோ மாற்றியதும் நெட் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். போன் செய்து புதிய முகவரியைப் பதியச் சொல்லலாம். அவசரமென்றால், இணைப்பின் செட்டிங்ஸில் குளோன்டு அட்ரஸ் என்ற கட்டத்தில் பழைய கருவியின் முகவரியை எழுதலாம். ஆனால் அந்தப் பழைய கருவி அதே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது.

11. கனெக்டட்னு காட்டுது, ஆனா ஒரு பக்கமும் திறக்கல. எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறது?

உள்ளிருந்து வெளியே, படிப்படியாக. செட்டிங்ஸைக் கண்டபடி மாற்றுவதற்கு முன் இந்த மூன்று நிமிடத்தைச் செலவிடுங்கள்.

'ஐபி ஆர்' கொடுத்தால் டிஃபால்ட் என்று தொடங்கும் வரியில் ஒரு முகவரி இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1. அதை 'பிங்' செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் கேபிள், வைஃபை, அல்லது பெட்டியில் கோளாறு. பதில் வந்தால் அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8ஐப் பிங் செய்யுங்கள். அது வரவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு வெளியே பிரச்சினை, அல்லது பெட்டி டயல் ஆகவில்லை. 2ஆம் பதிலின் விளக்குகளைப் பாருங்கள். 8.8.8.8 வருகிறது, ஒரு தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்.

டிஎன்எஸ் என்று தெரிந்தபின், இணைப்பின் ஐபிவி4 தாவலில் தானியங்கி டிஎன்எஸ்ஸை அணைத்து 1.1.1.1, 9.9.9.9 இரண்டையும் எழுதுங்கள். இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்த்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். ரிசால்வ் கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். உபுண்டுவில் அதில் 127.0.0.53 என்று இருப்பது சரிதான், அது சிஸ்டம்டி-ரிசால்வ்டி கேட்கும் முகவரி. நீங்கள் எழுதுவது அடுத்த துவக்கத்தில் அழிந்துவிடும். உண்மையில் எந்த டிஎன்எஸ் பயன்படுகிறது என்று 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும்.

12. பிரவுசர் நல்லா ஓடுது. 'ஏபிடி அப்டேட்' மட்டும் அப்படியே தொங்கிட்டு நிக்குது.

ஐபிவி4க்கு அடுத்த தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 அரைகுறையாக வந்திருக்கிறது. கணினிக்கு ஐபிவி6 முகவரி கிடைத்திருக்கிறது, ஆனால் அதன் வழியே பாக்கெட்டுகள் வெளியே போகவில்லை. பிரவுசர்கள் இரண்டு வழியையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முயன்று, முந்துவதைப் பிடித்துக்கொள்ளும். பொதிகளை இறக்கும் ஏபிடி சில நேரம் ஐபிவி6 வழியிலேயே மாட்டிக்கொள்ளும்.

'பிங் ஹைஃபன் 6' என்று கொடுத்து ஐபிவி6 உள்ள ஒரு தளத்தைத் தொட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் முதலில் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகும்வரை இணைப்பின் ஐபிவி6 தாவலில் முடக்கு என்பதைத் தேர்ந்து சமாளிக்கலாம். பிறகு திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள். ஏன் என்பது 17ஆம் கேள்வியில் தெரியும்.

13. சில தளங்கள் பறக்குது, சிலது பாதியில நின்னுடுது. பேங்க் பக்கம் திறக்கவே இல்லை. இது என்ன விசித்திரம்?

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. நிறையப் பேரை நாட்கணக்கில் அலையவைப்பது இது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் சுமை அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 6 பைட், பிபிபிக்கு 2 பைட் என்று எடுத்துக்கொள்வதால் மீதி 1492. எதிர்முனை 1500 பைட்டில் ஒரு பாக்கெட்டை அனுப்பி, உடைக்காதே என்றும் குறித்திருந்தால், வழியில் இருக்கும் ரவுட்டர் "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியை யாராவது ஃபயர்வாலில் தடுத்திருந்தால், அனுப்பியவருக்குத் தகவல் போவதே இல்லை. சின்னப் பாக்கெட்டுகள் வந்துவிடும், பெரியவை காணாமல் போகும். பக்கம் தொடங்கி நடுவில் நிற்பது அதனால்தான்.

அளந்து பார்க்கலாம். பிங் கட்டளையில் ஹைஃபன், பெரிய எழுத்து எம், பிறகு 'டூ' (டி, ஓ எழுத்துகள்). அடுத்து ஹைஃபன் எஸ், 1464. அதன்பின் 8.8.8.8. 1464உடன் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1492. இது போய்வந்தால் 1492 சரி. போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, எதில் பதில் வருகிறதோ அதனுடன் 28ஐக் கூட்டுங்கள். கிடைத்த எண்ணை இணைப்பின் ஈதர்நெட் அல்லது வைஃபை தாவலில் எம்டியு கட்டத்தில் எழுதுங்கள்.

ஒரே கணினி தானே டயல் செய்யும்போது இந்தத் தொல்லை அரிது. பிபிபி0 இன்டர்ஃபேஸ் 1492ஐத் தானே வைத்துக்கொள்கிறது. அந்தக் கணினி மற்றக் கருவிகளுக்கு இணைப்பைப் பகிரும்போதுதான் சிக்கல் தலைகாட்டும், ஏனென்றால் அவை 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அப்போது ஃபயர்வாலில் எம்எஸ்எஸ்ஸைப் பாதையின் அளவுக்குச் சுருக்கும் விதியைச் சேர்க்க வேண்டும். 7ஆம் பதிலில் பார்த்த 1452 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது: 1492இல் ஐபி, டிசிபி தலைப்புகளின் 40 போக மீதி.

14. 200 எம்பிபிஎஸ் பிளான். லினக்ஸ்ல 94க்கு மேல ஏற மாட்டேங்குது.

94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் ஒயர் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் பல்சக்கரக் குறியைச் சொடுக்கினால் இணைப்பு வேகம் தெரியும், 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கும். 100க்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு முனைக் கருவிகளும் 100க்கு இறங்கிவிடும்.

வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். முனையை நீங்களே கிரிம்ப் செய்வதானால் பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பெட்டியின் போர்ட்டும் கிகாபிட்டா என்று பாருங்கள், விலை குறைந்த சில பெட்டிகளில் இருக்காது.

டவுன்லோட் மேலாளர் 12 எம்பி என்று காட்டுவதைப் பார்த்துப் புகார் செய்யாதீர்கள். அது பைட் கணக்கு. 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்.

15. வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சோம்பிப் போகுது. போன்ல அதே இடத்தில நல்லா இருக்கு.

மின்சிக்கனம் காரணமாக இருக்கலாம். எட்சி (இடிசி) அடைவில் நெட்வொர்க்மேனேஜர் கான்ஃப் டாட் டி என்ற உள்ளடைவுக்குள் வைஃபை பவர்சேவ் பற்றிய ஒரு கோப்பு இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் சிக்கனம் ஆன், 2 என்றால் ஆஃப். நெட்வொர்க்மேனேஜரை மறுபடி துவக்கினால் போதும்.

துவக்கும்போதெல்லாம் கீரிங் பாஸ்வேர்ட் கேட்பது வேறு சங்கதி. தானாக லாகின் ஆகும்படி வைத்திருப்பதால் சாவிக்கொத்து பூட்டியே இருக்கிறது. இணைப்பின் பொதுத் தாவலில் எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கும்படி குறித்துவிட்டால் கேட்காது.

16. கரண்ட் போய் வந்தா பிரிட்ஜ் மோட்ல தானா டயல் ஆக மாட்டேங்குது. நான் வீட்டுல இல்லாதப்ப என்ன செய்ய?

கணினி எழும் வேகத்துக்கு ஓஎன்டி எழுவதில்லை. ஒளியைப் பிடித்துப் பதிவாக அதற்குச் சில நிமிடம் ஆகும். நெட்வொர்க்மேனேஜர் அதற்குள் நான்கு முறை முயன்று தோற்றுச் சற்று ஒதுங்கிவிடுகிறது. அந்த நான்குதான் இயல்பு எண். 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை' கட்டளையில் இணைப்பின் பெயரைக் கொடுத்து, ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் என்ற பண்பை 0 ஆக்குங்கள். 0 என்றால் விடாமல் முயல்வது. 7ஆம் பதிலின் வழியில் போனவர்கள் பிபிபி பியர்ஸ் கோப்பில் பெர்சிஸ்ட் வரி இருக்கிறதா என்று பார்த்து, மேக்ஸ்ஃபெயில் 0 என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பத்துத் தோல்விக்குப் பிறகு நின்றுவிடும்.

ஓஎன்டிக்கு ஒரு சிறிய 12 வோல்ட் டிசி யுபிஎஸ் வைத்தால் தொல்லை பாதியாகும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

17. வீட்டு சர்வரை வெளியூர்ல இருந்து திறக்கணும். போர்ட் ஃபார்வர்டிங் பண்ணியும் வரல.

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் வான் (டபிள்யூஏஎன்) முகவரியை, அதாவது வெளிப்பக்க இணைப்பின் முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதற்கென்றே 2012இல் ஒதுக்கிய முகவரிகள் அவை. உங்கள் பெட்டியில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டுக்கு வந்து சேராது.

வழிகள் மூன்று. நிலையான பொது முகவரியைக் கட்டணம் கொடுத்துக் கேட்கலாம். ஐபிவி6 நன்றாக வருகிறதென்றால் அதன் வழியே நேரே வரலாம். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே ஒரு சிறிய வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை வைத்து வீட்டிலிருந்து அதற்குச் சுரங்கம் போடலாம். கெர்னல் 5.6 முதல் வயர்கார்டு உள்ளேயே இருக்கிறது. அதன் இயல்பு எம்டியு 1420. பிபிபிஓஇக்கு மேல் ஓடும்போது அதை 1412 ஆக்குங்கள். காரணம் 13இல் பார்த்ததே: 1492இல் வயர்கார்டுக்கு 80 போகிறது.

18. புகார் கொடுத்தா "விண்டோஸ்ல போட்டுப் பாருங்க"ன்னு வெச்சுடறாங்க. என்ன சொன்னா கேப்பாங்க?

இயக்குதளத்தின் பேச்சையே எடுக்காதீர்கள். பெட்டியின் கதையை மட்டும் சொல்லுங்கள். லாஸ் விளக்கின் நிலை, எத்தனை மணியிலிருந்து. பெட்டியின் அட்மின் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவர் என்று இருக்கும் எண். அது மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நலம். மைனஸ் 27ஐத் தாண்டிப் போனால் ஓஎன்டியால் படிக்க முடியாத அளவுக்கு ஒளி மங்கியிருக்கிறது, லைன்மேன் வந்தே ஆக வேண்டும். பிறகு 11இல் எடுத்த அளவுகள்: "கேபிளில் மாட்டிப் பார்த்தேன், 192.168.1.1க்குப் பதில் வருகிறது, 8.8.8.8க்கு வரவில்லை." இதைச் சொன்னால் உங்கள் கணினியைக் குறைசொல்ல இடமில்லை.

புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, 1ஆம் பதிலில் சொன்ன அதே தாளில் தேதியோடு எழுதிவையுங்கள். லைன்மேன் வந்து சரிசெய்த பிறகு அந்த ரிசீவ் பவர் எண்ணை மறுபடி பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேகம் குறையும்போது ஒப்பிட அது உதவும்.